மேடு

முஹ்சினாவுக்கு ஒரு மாதமாக இருப்புக்கொள்ளவில்லை. மகன் அஸ்ஜத் வேலைக்குப் போன ஜப்பானிய நகரம் கடலோரத்தில் இருக்கிறது என்பது அவன் போன பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. சுனாமியன்று கல்முனையில் ஒன்றரை வயது அஸ்ஜத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓடியவள் அவள்.

மதியம் லுஹர் தொழுதுவிட்டு வீடியோவில் அழைத்தாள். அங்கே அப்போது மாலை. மீன் ஆலையில் வேலை முடிந்து நடந்துகொண்டிருந்தவன், சின்ன ரயில் ஸ்டேஷனையும் வீடுகளுக்கு நடுவே கிடந்த வயலையும் காட்டினான். திடீரென்று ஊர் முழுக்க ஒலிபெருக்கிகள் அலறின.

"கடல் வருது! மேட்டுக்கு ஓடு மகன்!"

"அது அஞ்சு மணிப் பாட்டு உம்மா. விளையாடுற புள்ளைகள வூட்டுக்குப் போகச் சொல்லி ஒவ்வொரு நாளும் போடுவாங்க."

அவள் கேட்டால்தானே! "நீ ஏறிக் காட்டினாத்தான் போனை வைப்பன்" என்று ஒற்றைக்காலில் நின்றாள். ஊருக்குப் பின்னாலிருந்த கோயில் மலையின் படிகளில் அவன் மூச்சு வாங்க ஏறினான். உச்சியிலிருந்து பார்க்க, நகரம் முழுவதும் காலடியில் கிடந்தது. கடல் அதற்கும் கீழே, ஒரு நீலக் கோடு.

"இப்ப நிம்மதியா உம்மா?"

"ஓம் மகன். அல்ஹம்துலில்லாஹ்."

"நம்மட ஊருல கடல் வந்தா நீங்க எங்க ஏறுவீங்க?"

முஹ்சினா வாசலுக்கு வந்தாள். கிழக்கே, இரண்டு தெரு தாண்டினால் கடல். மேற்கே நாவிதன்வெளி வரைக்கும் தட்டையாக வயல்.

"அடுப்புல சோறு கிடக்கு, பொறகு கதைப்பம்" என்று போனை வைத்தாள்.

சோற்றைக் காலையிலேயே வடித்திருந்தாள்.