பதினேழாவது டேக்

"தாடையைக் கொஞ்சம் தூக்கு," என்றான் டெஸ்மண்ட்.

நோரீன் தூக்கினாள். அவளுடைய கறுப்பு கவுனின் கழுத்தோரத்தில் பட்டாணி அளவு மைக்கைக் குத்த அவன் மூன்றாவது முறையாகப் போராடிக்கொண்டிருந்தான். வயதான கை, நடுக்கம் வேறு. மைக் தொண்டைக்குழியில் பட்டதும் அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

"சில்லுன்னு இருக்கு டெஸ்."

"லாயிட் உள்ளங்கையில வச்சு ஊதிச் சூடு பண்ணிட்டுத்தான் குத்துவான். எனக்கு அந்தப் பொறுமை ஏது?"

அவள் புருஷன் லாயிட் பத்தடி தள்ளிச் சவப்பெட்டிக்குள் கண்மூடிப் படுத்திருந்தான். செவ்வாய்க்கிழமை காலை பேஸ்மென்ட்டில் ஏதோ பழைய வயரை ஈயம் உருக்கிப் பற்றவைத்துக்கொண்டிருந்தவன் நெஞ்சு அடைத்து நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டான். சாய்வதற்கு முன்னால் பற்றவைக்கும் கருவியின் பிளக்கைப் பிடுங்கி வைத்திருந்தான். சாகும்போதும் வீட்டைக் கொளுத்திவிடக் கூடாது என்று நினைத்த மனுஷன். நாற்பது வருஷம் சினிமாவில் ஒலிப்பதிவு செய்தவன். டெஸ்மண்ட் அவனுக்குத் துணையாள். நீளக் கழியில் மைக்கைக் கட்டி நடிகர்கள் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றே தோள்பட்டை போனவன்.

பதினோரு மணிக்கு வழிபாடு. நோரீன் பேசுவதை அப்படியே பதிவு செய்து, இடுப்பு எலும்பு முறிந்து சாஸ்கடூனில் படுத்திருக்கும் லாயிடின் தங்கை ஐரீனுக்கு அனுப்ப வேண்டும். அதற்குத்தான் இந்த மைக். ஹாமில்டனில் ராத்திரி முழுக்கப் பனி கொட்டியிருந்தது. வாசலில் மகள் ஜிலியன் வருகிறவர்களின் ஈரக் கோட்டுகளை வாங்கி மாட்டிக்கொண்டிருந்தாள். வழிபாட்டுக் கூடத்துக்குள் இன்னும் யாரும் வரவில்லை.

"சுவிட்ச் இடுப்புல சொருகின மைக் பெட்டியில இருக்கு. பாத்ரூம் போனா அணைச்சுட்டுப் போ," என்றான் டெஸ்மண்ட்.

"எனக்கே பாடம் எடுக்கறியா? முப்பது வருஷம் நடிச்சவ நான்."

"லெவல் பார்க்கணும். காலையில என்ன சாப்பிட்டே, சொல்லு."

"ஒண்ணும் சாப்பிடல."

"அது போதாது. நீளமா ஏதாவது பேசு."

"ஒண்ணும் சாப்பிடல, ராத்திரியும் சாப்பிடல, ஜிலியன் முட்டை பொரிச்சுக் கொடுத்தா, நாய்க்குப் போட்டேன். போதுமா?"

"போதும்." டெஸ்மண்ட் ஹெட்ஃபோனைக் கழுத்துக்கு இறக்கினான். பிறகு கோட்டுப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்துக் கொடுத்தான். "நான் பேசப் போறது. தப்பு ஏதாவது இருந்தா அடிச்சுடு."

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். எல்லாம் தெரிந்த கதைகள்தான். பதிவுக்கு நடுவே கத்திய ஒரு குருவியைத் துரத்த லாயிட் மரத்தில் ஏறிய கதை. ஒரு தயாரிப்பாளரின் புது ஷூ கிறீச்சிடுகிறது என்று சொல்லி அவரை வெறுங்காலோடு நிற்கவைத்த கதை. கடைசியில் பதினேழு டேக் கதை. அதைப் பார்த்ததும் நோரீனுக்கு வழக்கம்போலக் காதுமடல் சூடேறியது. இருபத்தாறு வருஷமாக அந்தக் கதையை யார் எடுத்தாலும் அப்படித்தான். யாருக்கும் தெரியாது என்பது ஒன்றுதான் நிம்மதி.

அது தொண்ணூற்று நாலில் எடுத்த படம். அவள் நடித்த ஒரே பெரிய வேடம். பெண்டாட்டி மேல் சந்தேகப்பட்டுச் சந்தேகப்பட்டே புத்தி பேதலித்துப்போகும் ஒரு பல் டாக்டரின் கதை. டாக்டராக நடித்தவன் கர்ட்டிஸ் ஹேல், லாஸ் ஏஞ்சலஸிலிருந்து வந்திறங்கியவன். ஆள் பார்க்க அப்படி இருப்பான். படத்தில் பெண்டாட்டியை நிழல்போலத் தொடர்கிறவன், படத்துக்கு வெளியே அடுத்தவன் பெண்டாட்டிக்குத் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தான். நோரீனும் ஒன்றும் ஓடி ஒளியவில்லை. உண்மையைச் சொன்னால் என்ன, காலையில் உதட்டுச்சாயம் பூசும்போதே அவன் நினைப்புத்தான். அவளுக்கு வயது முப்பத்தொன்பது. வீட்டில் இருந்தவன் அவளை ஏறெடுத்துப் பார்த்துப் பல மாதம் ஆனமாதிரி இருந்தது. விருந்துகளில் எவனோடு ஒட்டி ஆடினாலும் லாயிட் சுவரோரமாக அவள் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நிற்பான். "ஆடி முடிச்சாச்சா? காலு வலிக்குதா?" என்பான். இவனுக்குப் பொறாமைப்படக்கூடத் தெரியாது, நான் இருந்தாலும் ஒன்றுதான் இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்று அவள் முடிவு கட்டிவைத்திருந்தாள். சாகிறவரை அந்தக் கணக்கை மாற்றவில்லை.

கர்ட்டிஸுக்குப் படப்பிடிப்பில் கடைசி நாள். மூடிக் கிடந்த டயர் கடைக்குப் பின்னால் நிறுத்திய காருக்குள் காட்சி. மதியம் மூன்றுக்கெல்லாம் முடித்துவிடலாம் என்றார்கள். விளக்கை மாற்றிக்கொண்டிருந்த நேரத்தில், கண்ணாடி ஏற்றிய காருக்குள், அவன் அவள் பக்கம் திரும்பாமலே சொன்னான். நெடுஞ்சாலை ஓர மோட்டல், பன்னிரண்டாம் நம்பர், விமானம் ஒன்பதுக்குத்தான். அவளும் திரும்பாமலே சொன்னாள்: "நாலு மணிக்கு வரேன். கதவைப் பூட்டாதே."

காலரில் மைக் இருந்தது. ஆனால் டேக் முடிந்ததும் நடிகர்களின் மைக் ஒலியைத் தன் கருவியில் இறக்கிவிடுவது ஒலிப்பதிவாளரின் மரியாதை. திறந்துவைத்துக் கேட்பது அடுத்தவர் படுக்கையறைக் கதவைத் தட்டாமல் திறக்கிற மாதிரி. லாயிட் அந்த விஷயத்தில் கறார். அவள் அதை நம்பித்தான் வாயைத் திறந்தாள்.

அப்புறம் நடந்ததுதான் ஊரறிந்த கதை. டேப்பில் ஏதோ இரைச்சல் என்று லாயிட் கையைத் தூக்கினான். மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் இரைச்சல். இருட்டுகிறவரை பதினேழு முறை. கர்ட்டிஸ் மேக்கப்பைக்கூடக் கலைக்காமல் நேராக விமான நிலையத்துக்கு ஓடினான். நோரீன் தப்பித்தோம் என்று அன்றைக்கே சந்தோஷப்பட்டாள். தவறிப்போச்சே என்று அன்றைக்கே வயிறெரியவும் செய்தாள். இரண்டும் இத்தனை வருஷம் கூடவே குடியிருந்தன.

"இதுல மின்கம்பி இரைச்சல்னு எழுதியிருக்கே," என்றாள். "போன கிறிஸ்துமஸுக்குப் பக்கத்துக் கடை ஃப்ரிட்ஜ்னு சொன்னியே?"

"அப்படியா சொன்னேன்?"

"ஃப்ரிட்ஜ்னு சொல்லிட்டு அதை மாதிரியே உறுமிக் காட்டினே. ஜிலியன் விழுந்து விழுந்து சிரிச்சா. எது சரி? ஐரீன் கேட்கப் போறா, அவ இதையெல்லாம் நோண்டுவா."

டெஸ்மண்ட் காகிதத்தைத் திரும்ப வாங்கினான். மடித்தான். மறுபடி பிரித்தான். கழி பிடிக்கத் தெரிந்தவனுக்குப் பொய்யைப் பிடிக்கத் தெரியவில்லை.

"ஃப்ரிட்ஜ்னே வச்சுக்கலாம்," என்றான்.

"பூட்டிக் கிடந்த கடையில ஃப்ரிட்ஜ் ஓடிச்சா?"

வெளியே பனி வாரும் வண்டி போகிற சத்தம் கேட்டு அடங்கியது.

"டெஸ். என்ன இரைச்சல் அது?"

"இப்ப எதுக்கு நோரீன்? இன்னிக்குப் போய்..."

"இன்னிக்குத்தான் கேட்பேன். நாளைக்கு அவன் மண்ணுக்குள்ள இருப்பான்."

டெஸ்மண்ட் பெட்டியைப் பார்த்தான். அனுமதி கேட்கிறவன் மாதிரி கொஞ்ச நேரம் பார்த்தான். "இரைச்சலே இல்ல," என்றான். "டேப் கண்ணாடி மாதிரி சுத்தம். முதல் டேக்கே போதும்."

நோரீன் பக்கத்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். நெஞ்சு அடிக்கிற அடியில் மைக்கே துள்ளும் போலிருந்தது.

"கேட்டுட்டானா?"

"ம்."

"நீ?"

"ரெண்டு பேர் ஹெட்ஃபோனுக்கும் ஒரே வயர்தானே நோரீன்."

"நாலு மணிக்கு..."

"கதவைப் பூட்டாதே. கேட்டேன்."

அவள் உட்கார்ந்தேவிட்டாள். முகம் தீயாய்ச் சுட்டது. அறுபத்தைந்து வயதில், புருஷன் பிணத்துக்குப் பக்கத்தில், பள்ளிக்கூடப் பெண்ணாட்டம் கன்னம் சிவக்க உட்கார்ந்திருந்தாள்.

"இருபத்தாறு வருஷம்," என்றாள். "ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் என் வீட்டுக்கு வந்து வான்கோழியைத் தின்னுட்டு, ஒண்ணுமே தெரியாத மாதிரி போயிருக்கே."

"வான்கோழி நல்லா இருக்கும்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு அடங்கியதும் கோபம் வந்தது. "சொல்லு. ஒண்ணு விடாம சொல்லு. அவன் என்ன பண்ணினான்?"

"ஒண்ணும் பண்ணல. கொஞ்ச நேரம் மீட்டர் முள்ளையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தான். முகம் வெளுத்துப்போச்சு. எழுந்து போய் கர்ட்டிஸ் மூஞ்சியைப் பேர்த்துடுவானோன்னு நான் பயந்தேன். டேக் எடுத்தாங்க. முடிஞ்சதும் இவன் கையைத் தூக்கினான். 'இரைச்சல் இருக்கு, இன்னொண்ணு.' நான் அவனையே பார்த்தேன். அவன் என் பக்கமே திரும்பல. சத்தம் விஷயத்துல பொய் சொல்லாத ஆளு. அதனால டைரக்டர் வாயைத் திறக்காம மறுபடி எடுத்தார். அஞ்சாவது டேக்ல கர்ட்டிஸ் கடிகாரத்தைப் பார்த்தான். ஒன்பதாவதுல டைரக்டரே வந்து ஹெட்ஃபோனைப் பிடுங்கி மாட்டிக்கிட்டார். 'எனக்கு ஒண்ணும் கேட்கலையேப்பா'ன்னார். 'உங்க காதுக்குக் கேட்காது'ன்னு சொல்லிட்டான். நாலு மணி ஆச்சு. அஞ்சு ஆச்சு. 'இன்னொண்ணு, இன்னொண்ணு.' குரல் மட்டும் மாறவே இல்ல."

நோரீனுக்கு அந்தக் காரின் ரெக்ஸீன் வாசனைகூட ஞாபகம் வந்தது. முட்டிவலி, பசி, ஜன்னல் கண்ணாடியில் படிந்த மூச்சு. ஒவ்வொரு டேக்கிலும் கர்ட்டிஸ் வெறியோடு கேட்பான், எங்கே போகப் பார்க்கிறாய் என்று. ஒவ்வொரு டேக்கிலும் அவள் அதே வசனத்தைச் சொல்ல வேண்டும்.

"என் வசனம் ஞாபகம் இருக்கா உனக்கு?" என்றாள்.

"அதை மறப்பேனா? நான் எங்கயும் போகல, இங்கதான் இருக்கேன்."

"பதினேழு தடவை."

"பதினேழாவதுல நீ நிஜமாவே அழுதே. அப்பத்தான் 'இது சரி'ன்னான்."

அந்தப் பதினேழாவதுதான் படத்தில் இருக்கிறது. அதற்குத்தான் அவளுக்கு ஒரு விழாவில் பரிசு கிடைத்தது. கண்ணாடிப் பலகை, இன்றைக்கும் வீட்டு ஃப்ரிட்ஜ் மேலே நிற்கிறது. லாயிட்தான் வாரம் ஒருமுறை அதைத் துடைப்பான். பதினேழு டேக் கதையை யார் ஆரம்பித்தாலும் காபி எடுத்து வருகிறேன் என்று எழுந்து போய்விடுவான். அன்று வீடு திரும்பும்போது வழியில் வண்டியை நிறுத்தி அவளுக்கு மீன் வறுவல் வாங்கிக் கொடுத்தான். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் சாப்பிடுகிற வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். அப்போது அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

படுபாவி என்று நினைத்தாள். எழுந்துவா, உட்கார்ந்து சண்டை போடலாம். ஒரு தட்டையாவது உடைத்திருக்கக் கூடாதா? பொறாமையே தெரியாதவன் என்று நினைத்தேனே, இப்படி வயிறு எரிந்து உட்கார்ந்திருந்தாயா? அவளுக்கு அழுகையோடு ஒரு சந்தோஷமும் முட்டிக்கொண்டு வந்தது. வெட்கம்கெட்ட சந்தோஷம். ஆனாலும் சந்தோஷம்தான்.

"ஒண்ணு மட்டும் புரியல," என்றாள். "டேக் முடிஞ்சா எல்லார் மைக்கையும் இறக்கிடுவானே. அன்னிக்கு மட்டும் ஏன் திறந்து வச்சிருந்தான்? சந்தேகம் வந்துடுச்சா?"

டெஸ்மண்ட் இல்லை என்று தலையாட்டினான். "அன்னிக்கு மட்டும் இல்ல. உன்னோடதை அவன் எப்பவுமே இறக்கினதில்ல. எந்தப் படத்துலயும்."

"எதுக்கு?"

"உன்னைக் கேட்கத்தான். ஷூ கடிக்குதுன்னு புலம்புவே. யாருக்கும் கேட்காதுன்னு நினைச்சுப் பாடுவே, சுருதியே சேராது. மதியம் கேரட் கடிப்பே. கர்ர் கர்ருன்னு எனக்குக் காது வலிக்கும், இறக்குடான்னு கெஞ்சுவேன். மாட்டான். கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டுக்கிட்டே இருப்பான்."

கூடத்தின் கதவைத் திறந்துகொண்டு ஜிலியன் எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, எல்லாரும் வந்தாச்சு. உள்ள விடட்டுமா? என்ன உன் முகம் இப்படிச் சிவந்திருக்கு? டெஸ் மாமா, அம்மாவுக்குத் தண்ணி குடுத்தீங்களா?"

"எனக்கு ஒண்ணும் இல்லடி. அஞ்சு நிமிஷம் கழிச்சு விடு."

ஜிலியன் நம்பாமல் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். நோரீன் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். டெஸ்மண்டின் கையிலிருந்த காகிதத்தைத் தட்டினாள்.

"இந்தக் கதையை விட்டுடாதே. கடைசியாச் சொல்லு."

"சொல்லவா? நிஜமாவா?"

"சொல்லு. இரைச்சல் இருந்துச்சுன்னே சொல்லு. மின்கம்பி. யார் கேட்டாலும் மின்கம்பி. ஃப்ரிட்ஜ் கிரிட்ஜ்னு உளறாதே."

"சரி."

"பயங்கர இரைச்சல். அவன் காதுக்கு மட்டும்தான் கேட்டுச்சு."

டெஸ்மண்ட் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பின்வரிசைக்குப் போய்த் தன் சின்ன இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தான். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான்.

நோரீன் பெட்டியிடம் போனாள். நீலக் கோட்டில் லாயிட் அலங்கரித்துப் படுக்கவைத்த பிள்ளை மாதிரி அடக்கமாக இருந்தான். அவன் தலையைச் சரியாகத்தான் சீவியிருந்தார்கள். இடது காதருகே மட்டும் நரைமுடி ஒன்று கலைந்து கிடந்தது. நாற்பது வருஷம் ஹெட்ஃபோன் அழுத்தி அழுத்தி அந்த இடத்தில் முடி என்றைக்குமே படியாது. அவள் அதை விரலால் ஒதுக்கினாள். படியவில்லை.

இடுப்புக்குக் கை போனது. மைக் பெட்டியில் சுவிட்சைத் தேடி அழுத்தினாள். சிவப்புப் புள்ளி அணைந்தது. ஒருமுறைக்கு இருமுறை குனிந்து பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டாள்.

பிறகு லாயிடின் காதோரம் குனிந்தாள்.

பின்வரிசையில் டெஸ்மண்ட் திரையைப் பார்த்தான். ஒலியைக் காட்டும் கோடு அசையவில்லை. அவன் ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பிப் பனியைப் பார்க்க ஆரம்பித்தான்.