தெண்டக் கறி

இரண்டு நாளாக வயிற்றில் கூழ்கூட இறங்கவில்லை. குடலை யாரோ பிடித்து முறுக்குவது மாதிரி இருந்தது. போன வருஷம், அறுபத்தெட்டில், மழை ஏமாற்றிவிட்டது. திருச்சுழிக்கு மேற்கே எங்கள் ஊரில் முக்கால்வாசி வீட்டில் அடுப்பு எரியவில்லை. அந்த வயிற்றோடுதான் பெத்தம்மாள் மதினியின் வெள்ளாட்டை உரித்தேன்.

ஆடு, ஊர் அவளுக்குப் போட்ட தெண்டம். மதினி தாலியறுத்தவள். அவள் மகள் பொன்னுத்தாய்க்குப் பதினைந்து வயசு. சங்கரபாண்டியன் காட்டுக்குப் பருத்தி எடுக்கப் போனவள் ஐந்து மாசம் முழுகாமல் இருந்தாள். அவனுக்கு நாற்பது வயசு, மூன்று பிள்ளைகள். ஊரில் முதல் மோட்டார் கிணறு அவனுடையது.

இனி இப்படி நடக்காமல் இருக்க ஊர் கூடிக் கட்டுப்பாடு போட்டது. சமைந்த பிள்ளை தனியாகக் காட்டுக்குப் போகக் கூடாது. பொழுது சாயுமுன் வீட்டில் இருக்க வேண்டும். மீறினால் ஆத்தாக்காரிக்குத் தெண்டம். சங்கரபாண்டியனுக்குக் கட்டுப்பாடு எதுவும் கிடையாது. பிறக்கப்போகும் பிள்ளைக்கு இரண்டு மூட்டை கம்பு அளப்பதாக வாயால் சொன்னான். அதுவும் மதினி ஊர்ச் சாவடியில் மண்ணை வாரித் தூற்றப் போன பிறகு.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. தெண்ட ஆட்டுக் கறியை இரண்டு வீட்டாரும் ஒரே பந்தியில் தின்றுவிட்டால் வழக்குத் தீர்ந்தது. வீட்டுக்கு ஒரு வாய் தின்றால் போதும். அதற்குப் பிறகு அதைப் பற்றி வாய் திறந்தால் ஊர்விலக்கு.

மதினிக்கு அது தெரியும். சாவடியில் பந்திக்கு இலை போட்டதும், "கம்பு வந்து எறங்கட்டும். அப்புறந்தேன் எங்க கை இலையில படும்" என்றாள்.

"ஏத்தா, அவுகதேன் வாக்குக் குடுத்துட்டாகள்ல. பாலவனத்தத்துல இருந்து வண்டி வந்துக்கிட்டிருக்கு" என்றார் நாட்டாமை தனுஷ்கோடி.

"வரட்டும். ஆறிப்போனா சுட வச்சுத் திங்கிறோம்."

"இம்புட்டு வெவரத்த மகளக் காவக் காக்குறதுல காட்டியிருந்தா ஆடாவது மிஞ்சியிருக்குமே" என்றான் பந்தியில் இருந்த நல்லகண்ணு.

பந்தி முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். சங்கரபாண்டியன் சிரிக்கவில்லை, இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்துக்கொண்டிருந்தான்.

நாட்டாமை என்னைப் பார்த்தார். "ஏலே தங்கசாமி, பிள்ளைத்தாச்சி வாயூறப் பாத்துக்கிட்டிருக்கா. அவளுக்கு ஈரலப் போடுலே."

எதற்குச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். அவர் கண் காட்டினால்தான் உரித்தவனுக்குத் தலைக்கறி. வாளியைத் தூக்கிக்கொண்டு போனேன்.

சாவடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள் பொன்னுத்தாய். கை கால் குச்சி. வயிறு மட்டும் தனியாக இருந்தது. அவள் முன்னால் இலையைப் போட்டு இரண்டு கரண்டி ஈரல் வைத்தேன். ஆவி அவள் முகத்தில் அடித்தது.

"தொடாதடி" என்றாள் மதினி.

பொன்னுத்தாய் ஆத்தாளைப் பார்த்தாள். இலையைப் பார்த்தாள். கை தானாகப் போனது. மென்றாளா விழுங்கினாளா தெரியாது. சூடு பொறுக்காமல் கண்ணில் நீர் வழிய வழியத் தின்றாள். விரலை நக்கினாள்.

"தின்னாச்சு! வழக்குத் தீந்துச்சுப்பா" என்று கையைத் தட்டினார் நாட்டாமை.

சங்கரபாண்டியன் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு எழுந்து கையைக் கழுவினான். மீதியை அப்படியே விட்டுவிட்டுப் போனான். அந்த எச்சில் இலைக்கு இரண்டு நாய்கள் சண்டை போட்டன.

மதினி மகளை அடிக்கவில்லை. தன் முந்தானையால் அவள் வாயிலிருந்த கொழுப்பைத் துடைத்துவிட்டாள். பிறகு என்னைப் பார்த்து, "நீயும் உக்காந்து தின்னுப்பா, பசிக்கும்ல" என்றாள்.

தின்றேன். மூன்று தரம் வாங்கித் தின்றேன்.

பாலவனத்தத்திலிருந்து எந்த வண்டியும் வரவில்லை. பொன்னுத்தாய்க்குப் பெண் பிறந்தது. மதினி போய்க் கேட்டபோது, "தின்னவுக கேக்கப்படாதுல்ல" என்றான் சங்கரபாண்டியன். அந்தப் பிள்ளைக்கு இப்போது பல் முளைத்துவிட்டது. அவன் அளக்க வேண்டிய இரண்டு மூட்டை கம்பு இன்னும் பாக்கி.