நாற்பத்தெட்டில் ஒரு பங்கு போர்

எங்கள் குடியிருப்பில் துண்டு துண்டாக ஒட்டிச் செய்யும் பொம்மை விமானங்களை யாரும் முழுமையாக ஒட்டி முடிப்பதில்லை. முடித்தால் அந்த அளவுக்கேற்ற போர் வந்துவிடும். விமானம் அசலில் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு என்றால், போரும் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு. ஆகவே மூக்கில் சுற்றும் விசிறியை மட்டும் ஒட்டாமல் தனியே எடுத்து வைத்துவிடுவோம்.

என்னுடையது இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஹரிகேன் ரகம். துண்டுகளை நகவெட்டியால் நறுக்கி எடுத்து, விளிம்புகளை உப்புத்தாளால் தேய்த்து, மேலே பச்சையும் மண்நிறமும், அடியில் வெளிறிய வானத்தின் நிறமும் பூசினேன். விமானியின் இருக்கைப் பட்டைக்குத் தையல் நூலை இரண்டாகப் பிரித்துக்கொண்டேன். ஒரு மழைக்காலம் அதில் நிம்மதியாகப் போயிற்று. பிறகு விமானத்தைக் கூடத்து அலமாரியில் நிறுத்தி, விசிறியை அதனருகே ஒரு குங்குமச் சிமிழில் போட்டு மூடிவைத்தேன்.

பக்கத்து வீட்டு ராசாமணி அக்காவின் மகன் லோகேஸ்வரனுக்குக் கல்யாணம் வந்தது. பெண்வீட்டாரைத் தங்கவைக்க என் கூடத்தை அக்கா கேட்டிருந்தார். இடத்தைப் பார்த்துவிட்டுப் போக வந்தவர், நான் சமையலறையிலிருந்து காபியுடன் திரும்புவதற்குள் விமானத்தின் முன்னே நின்று கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“பொட்டு வெச்சுக்கலாம்னு சிமிழைத் தொறந்தனுங்க டீச்சர். உள்ள காத்தாடி கெடக்குது. ஏரோப்ளேன் மூளி மூக்கோட நிக்குது. கல்யாணத்துக்கு வர்றவங்க கண்ணுல மொதல்ல அதுதானுங்க படும். ஒட்டிப்போட்டேன்.”

“எதை வைத்து ஒட்டினீர்கள்?”

“பத்திரிகை உறைக்கு வாங்குன பசைதானுங்க. பையிலயே இருந்துச்சு.”

நான் தொட்டுப் பார்த்தேன். நேராக, நன்றாகவே ஒட்டியிருந்தார். விசிறி ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

மாலைக்குள் எல்லார் வீட்டுச் சர்க்கரை டப்பாவிலும் ஒரு கரண்டி குறைந்தது. விளக்குகள் சற்றே மங்கின. தண்ணீர்த் தொட்டிக்கு மேலே தும்பிகளின் உயரத்தில் இரண்டு விமானங்கள் ஒன்றையொன்று துரத்தின. ராணுவ அதிகாரி ஒருவர் வந்தார். விரலின் இரண்டு கணுக்கள் உயரம், காக்கி உடை, கையில் ஒலிபெருக்கிக் குழல். காபிப்பொடி டப்பாவின் மூடிமேல் ஏறி நின்று, குடியிருப்பில் வயதுவந்த இளைஞர் யார் என்று கேட்டார். மற்றவர்கள் எல்லாம் பெங்களூரில் இருந்ததால் லோகேஸ்வரன் பெயரைச் சொன்னோம்.

“நாற்பத்தெட்டில் ஒரு பங்கு ஆள் வேண்டும். தினம் அரைமணி நேரம் வந்தால் போதும். சங்கு ஊதியதும் புறப்பட வேண்டும்” என்றார்.

“எப்பங்க ஊதுவீங்க?” என்றார் ராசாமணி அக்கா.

“அதை முன்கூட்டிச் சொல்ல முடியாது அம்மா. எதிரியும் எங்களிடம் சொல்வதில்லை.”

“நாளான்னைக்குக் காலைல முகூர்த்தமுங்க. தாலி கட்டற நேரத்துல ஊதுனா?”

“மணமேடையிலிருந்து எழுந்து வரவேண்டியிருக்கும்.”

ராசாமணி அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டார். முகூர்த்தம் தவறினால் அடுத்தது தை மாதத்தில்தான். முன்பே ஒரு சம்பந்தம் பாக்குவெற்றிலையோடு நின்றுபோயிருந்தது. இதுவும் நின்றால் மணப்பெண் கோகிலவாணியின் வீட்டார் காத்திருக்க மாட்டார்கள். வேறு இடம் பார்ப்பார்கள்.

“கோகிலா இல்லைன்னா நான் முழுசாவே போருக்குப் போயிடறேன்” என்றான் லோகேஸ்வரன்.

“முழு ஆளை வைத்துக்கொள்ள எங்களிடம் இடமில்லை” என்றார் அதிகாரி வருத்தத்துடன்.

நேரமாகத் தராமல் உடம்பாகத் தரலாமா என்று நான் கேட்டேன். தாராளமாக என்றார். லோகேஸ்வரனின் எடையை நாற்பத்தெட்டால் வகுத்தேன். ஒன்றரைக் கிலோ வந்தது. கல்யாணத்துக்குத் தேவைப்படாத ஒன்றரைக் கிலோ எது என்று மூவருமாக யோசித்தோம். கைகள் தாலி கட்டுவதற்கு. கால்கள் மணமேடையைச் சுற்றி வருவதற்கு. கண்களைத் தர அவன் ஒப்பவில்லை.

“வாயைக் குடுத்துரலாமாம்மா? வாயில்லாத மாப்பிள்ளைன்னா அவங்களுக்கும் சந்தோசம்தான்.”

“அப்பறம் பந்தியில எதுல திம்ப?” என்ற ராசாமணி அக்கா, அதிகாரியின் பக்கம் திரும்பினார். “காதை எடுத்துக்குங்க சாமி. மேளச் சத்தத்துல அதுக்கு என்ன வேலை? நான் சொல்றது எதுவும் எப்பவும் அதுல ஏறுனதில்ல.”

சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தபோது இரண்டு காதுகளும் மிகக் குறைவாகவே இருந்தன. ராசாமணி அக்கா அவனுடைய பிடிவாதத்தையும் எடுத்து வைத்தார். முள் சரியாக நடுவில் நின்றது.

அதிகாரி மிகவும் மகிழ்ந்தார். தூரத்து விமானத்தின் ஓசையைப் பிடிக்க இவ்வளவு பெரிய காதுகள் அவர்கள் படையில் இல்லையாம். அவற்றை என் மொட்டைமாடிச் சுவரின்மேல் கிழக்குப் பார்த்து நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் ஒரு காவலரை நியமித்தார். பிடிவாதத்தை எல்லைக்கு அனுப்பினார்.

முகூர்த்தத்தன்று மணமேடையில் பெண்ணின் தகப்பனார் என் பக்கம் குனிந்தார். “மாப்ளையோட காது எங்கீங்க?”

“அரசாங்க வேலையாகப் போயிருக்கிறது” என்றேன்.

“சொல்லவே இல்லீங்களே!” என்று மனைவியிடம் அதைச் சொல்ல எழுந்து போனார்.

தாலித் தட்டு ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டு வரும்போது சங்கு ஊதியது. இரண்டு வீடு தள்ளிக் குக்கர் கத்துவதுபோல் இருந்தது. போர்க்கால வழக்கப்படி நாங்கள் எல்லோரும் தலையைக் கொஞ்சம், நாற்பத்தெட்டில் ஒரு பங்கு, தாழ்த்திக்கொண்டோம். யாரும் லோகேஸ்வரனைத் தேடி வரவில்லை. கெட்டிமேளம் முழங்கியது. அவன் சங்கையும் கவனிக்கவில்லை, மேளத்தையும் கவனிக்கவில்லை, கோகிலவாணியையே பார்த்துக்கொண்டிருந்தான். ராசாமணி அக்கா பின்னாலிருந்து அவன் இடுப்பில் கிள்ளினார். முடிச்சு விழுந்தது. ராசாமணி அக்கா அழுதுகொண்டே என் தலையிலும் அட்சதை போட்டார்.

மறுவீடு முடிந்து வந்த நாளிலிருந்து கோகிலவாணி மாலைதோறும் என் மொட்டைமாடிக்கு வந்தாள். கணவனிடம் பேச வேண்டுமென்றால் அங்கேதான் வரவேண்டியிருந்தது. காவலர்கள் நாகரிகமாகத் திரும்பி நின்றுகொள்வார்கள். நான் துணிகளை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிடுவேன். பக்கத்து வீட்டு முற்றத்தில் லோகேஸ்வரன் வெங்காயம் உரித்தபடி தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருப்பான்.

“அங்க என்னடி சொல்ற அவன்கிட்ட? இங்க பைத்தியமாட்டம் இளிக்கிறான்” என்று ராசாமணி அக்கா கீழிருந்து குரல் கொடுப்பார்.

“ஒண்ணுமில்லீங்கத்தை, நாளைக்கு என்ன குழம்புன்னு கேட்டுட்டிருக்கேன்.”

தூறல் விழும்போது அதிகாரியின் அனுமதியுடன் காதுகளுக்குத் துண்டு போர்த்தினேன். உச்சிவெயிலில் விளக்கெண்ணெய் தடவினேன். அந்த நாட்களில் எனக்குக் குறையென்று எதுவும் இருந்ததாக நினைவில்லை.

ஆறு வருடப் போர் என்பதால் ஒன்றரை மாதத்தில் முடிந்தது. சர்க்கரை பழைய அளவுக்கு ஏறியது. அதிகாரி காதுகளைக் கழுவித் துடைத்து ஒப்படைத்தார். நுனி மட்டும் சற்றுக் கறுத்திருந்தது. பிடிவாதம் எல்லையைவிட்டு வர மறுப்பதாகத் தெரிவித்தார். அவசரமில்லை, மெதுவாக வரட்டும் என்று கோகிலவாணி சொல்லிவிட்டாள்.

அசலில் சுதந்திரம் வர மேலும் இரண்டு வருடம் ஆனதால், இங்கே அரை மாதம் கழித்து, பகல் பதினொரு மணிவாக்கில், சமையலறைப் பரணிலிருந்து ஒரு வெள்ளைக்கார துரையும் துரைசாணியும் நூலேணியில் இறங்கி வந்தார்கள். புளியங்கொட்டை அளவில் நான்கு தோல்பெட்டிகள், ஒரு பியானோ. பரணின் சாவியை என்னிடம் கொடுத்து, துரை தொப்பியைக் கழற்றி, இத்தனை காலம் நிர்வாகத்தில் ஏதும் குறை இருந்திருந்தால் பொறுத்துக்கொள்ளச் சொன்னார். கொச்சியில் கப்பல் ஏற வேண்டுமாம். லோகேஸ்வரனும் கோகிலவாணியும் குருவாயூருக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அப்படியே கொச்சி வரை போய் வருவதாகச் சொன்னார்கள். டிபன் கேரியரின் அடித்தட்டில் புளிசாதம், நடுத்தட்டில் பெட்டிகள், மேல்தட்டில் துணி விரித்து அவர்கள் இருவரும். துரைசாணி ஜன்னலோரம் கேட்டார். மூடியை அரைவாசி திறந்து வைத்தேன்.