அடித்துவிட்ட ஐந்தாவது சொல்

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. என்னைப் போலவே எழுதுகிற நண்பன் ஒருவன் பேருந்தில் சொன்னது. இன்னும் எழுதவில்லை என்றான். அவன் சொன்ன அழகிலேயே எனக்கு வயிறு எரிந்தது. முந்திக்கொண்டேன்.

2

பெருந்தொற்றுக் காலத்தில் நிறைவேற்ற இயலாத கடமைகள் குறித்து ஒப்பந்தச் சட்டத்தின் நிலைப்பாடானது...

(வேண்டாம். எழுதும்போதே கொட்டாவி வருகிறது.)

அந்த வக்கீல் அலுவலகத்தில் இரண்டு ஜூனியர்கள். அவள் மேஜை வாசல் பக்கம், அவன் மேஜை சீனியர் அறையை ஒட்டி. அது ஒன்றே போதும், அவளுக்குப் பற்றிக்கொண்டு வர. ஒப்பந்தம் எழுதுவதில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று சீனியர் வேறு அவள் காதுபடவே சொல்வார்.

நடன டீச்சர் ஒருவருக்கு ஒப்பந்தம் எழுதும் வேலை அவளிடம் வந்தது. ஒரு கம்பெனியின் ஆண்டு விழாவில், குறித்த நாளில், பன்னிரண்டு மாணவிகளோடு ஆட வேண்டும். சீனியர் அவனுடைய பழைய வரைவை நீட்டி, இதையே எடுத்துக்கொள் என்றார். அதில் ஒரு வரி: தீ, வெள்ளம், போர், கலவரம், கொள்ளைநோய் ஆகியவற்றால் நிகழ்ச்சி நடக்காமல் போனால் யார் மீதும் பொறுப்பில்லை.

அப்படியே எடுத்தால் அது அவன் எழுதியதாகிவிடுமே. ஐந்தாவது சொல்லைப் பேனாவால் அடித்து, ஓரத்தில் 'இந்தக் காலத்தில் தேவையில்லை' என்று எழுதினாள். இரு தரப்பும் பார்த்துத் தலையாட்டின.

மூன்றே மாதத்தில் ஊரடங்கு வந்தது.

3

நடக்காத விழாவுக்காகக் கம்பெனி டீச்சர் மீது வழக்குப் போட்டது. தோற்றால் நடனப் பள்ளி கைவிட்டுப் போகும். அவள் முதலில் அசரவில்லை. எழுதாவிட்டால் என்ன? யாரும் நினைத்தே பார்க்காத ஒன்று வந்து, செய்யவே முடியாமல் போனால் சட்டம் விட்டுவிடும்.*

* சிரமம், செலவு கூடிவிட்டது என்பதெல்லாம் எடுபடாது. முடியவே முடியாது என்றால்தான்.

வரைவுகளை ஒப்படைக்கச் சொன்னது நீதிமன்றம். கம்பெனி தன் நகலைத் தொலைத்துவிட்டது. அவள் அடித்துத் திருத்திய வரைவு, அவனுடைய பழையது என்பதால் அவன் கோப்புக்கே திரும்பியிருந்தது. மிச்சமிருந்த அந்த ஒரே தாளை எடுத்து, அவன் அவள் மேஜையில் வைத்தான்.

"எழுதாம விட்டிருந்தா ஞாபகம் வரலைன்னு சொல்லலாம். எழுதி அடிச்சிருக்கீங்க. தெரிஞ்சே டீச்சர் அந்த ஆபத்தை ஏத்துக்கிட்டாங்கன்னு ஆயிடும்."

"சீனியர்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்லை. உங்க கையெழுத்து. நீங்களே முடிவு பண்ணுங்க."

காட்டிக்கொடுத்திருந்தால் நிம்மதியாக வெறுத்திருப்பாள். பெருந்தன்மையிலும் இவன்தானா முதல் என்று அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

(அவள் மேல் நான் கொஞ்சம் அதிகமாகவே இரக்கப்படுகிறேன். காரணம் உங்களுக்குப் புரிந்திருக்கும்.)

4

முடிவு அ: தாளைக் கிழிக்கிறாள். டீச்சர் தப்பிக்கிறார். அவள் நீதிமன்றத்தை ஏமாற்றியது அவனுக்கு மட்டும் தெரியும். ஆயுசுக்கும் அவன் முகத்தில்...

முடிவு ஆ: ஒப்படைக்கிறாள். பன்னிரண்டு பெண்களுக்கு ஆட இடமில்லை.

5

நண்பன் மூன்றாவதாக ஒரு முடிவு சொன்னான். டீச்சரும் தப்பித்தார், அவளும் பொய் சொல்லவில்லை. அவ்வளவு அழகு. அதையும் எடுத்தால் முழுக் கதையும் அவனுடையதாகிவிடுமே என்று என் நோட்டில் அடித்துவிட்டேன், ஓர் எழுத்துகூடத் தெரியாதபடி. இப்போது எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அவனுக்குப் போன் செய்யலாம். செய்ய மாட்டேன்.

தாள் அவள் மேஜையில்தான் இருக்கிறது. நாளைக் காலை பத்து மணிக்கு வழக்கு. உங்களுக்கு ஏதாவது தோன்றினால் அவளிடமே நேராகச் சொல்லிவிடுங்கள். என்னிடம் வேண்டாம். அது நன்றாக இருந்துவிட்டால் என்னால் தாங்க முடியாது.