அமைதியாக இருந்தாள்

சந்திப்பு அறையில் உட்கார்ந்து, பார்த்ததை எழுதுவதுதான் அவள் வேலை. அப்பா அடிக்கிறார் என்று சந்தேகம் வந்த வீட்டுப் பிள்ளைகளை, விசாரணை முடியும்வரை, அந்த அப்பாக்கள் சனிக்கிழமைதோறும் இரண்டு மணி நேரம் அங்கே வந்து பார்க்கலாம். மூலையில் ஒரு நாற்காலி போட்டு, கண்காணிப்பாளர் என்று பட்டமும் கொடுத்து அவளை உட்கார வைத்திருந்தார்கள்.

அந்த ஏழு வயதுக்காரியைப் பற்றி அவள் எழுதிய நான்கு அறிக்கையிலும் ஒரே வரி: ‘குழந்தை அமைதியாக இருந்தாள்.’ பிள்ளை வாயே திறக்கவில்லை. அப்பா பொம்மையை நீட்டினால் தோளைக் குறுக்கிக்கொண்டாள். கண் கதவை விட்டு அகலவில்லை. இதையெல்லாம் எழுதச் சோம்பல்பட்டு ஒரே சொல்லில் முடித்துவிட்டாள், புண்ணியவதி.

கோர்ட்டில் அப்பன்காரனின் வக்கீல் அந்தச் சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். “நாலு வாரமும் அமைதி, ஐயா. பயந்த பிள்ளை அமைதியாவா இருக்கும்?”

பிள்ளையின் முதுகில் இருந்த காயத்தைப் பார்த்த டாக்டர் இன்னும் சாட்சிகூடச் சொல்லவில்லை. அதற்குள், வருகிற சனிக்கிழமை முதல் அப்பா பிள்ளையைத் தன் வீட்டுக்குத் தனியாகக் கூட்டிப் போகலாம் என்று உத்தரவு. அப்பாவின் உரிமைக்கு அத்தனை அவசரம். பிள்ளையின் முதுகுக்கு மட்டும் வாய்தா!

அவள் தன் மேலதிகாரியிடம் ஓடினாள்.

“மேடம், நான் எழுதினது தப்பு. அது அமைதி இல்ல, பயம்.”

“பயம்னு சொல்ல நீ என்ன டாக்டரா? அடுத்த வாய்தாவுல பார்த்துக்கலாம்.”

“எப்போ?”

“அடுத்த மாசம்.”



சனிக்கிழமை தாயே பிள்ளையைச் சந்திப்பு அறைக்குக் கூட்டி வந்தாள். “கொண்டுவரலைன்னா உத்தரவை மீறினேன்னு சொல்லி, மொத்தமா அவர்கிட்டயே குடுத்துடுவாங்களாம் அக்கா.” வெளியே அப்பன்காரன் சாவியைச் சுழற்றிக்கொண்டு நின்றான்.

பிள்ளை முதல்முறையாக அவளிடம் வாய் திறந்தது. “அங்கயும் நீங்க வந்து மூலையில உக்காருவீங்களா அத்தை?”

அவள் எழுந்து போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டாள்.

தாய் பதறினாள். “ஐயோ, உங்க வேலை போயிடுமே!”

“போகட்டும் விடு.”

பிள்ளையை அப்பாவிடம் விடும்போது நிரப்ப வேண்டிய ஒப்படைப்புத் தாளை அவள் எடுத்தாள். ‘ஒப்படைக்கவில்லை எனில், தடுத்தவர்’ என்ற இடத்துக்கு எதிரே ‘தாய்’ என்று அச்சடித்தே வைத்திருந்தார்கள், மகராசன்கள். வெளியே அவன் கதவை இடிக்க ஆரம்பித்தான். அவள் அந்தச் சொல்லை அழுத்தி அடித்துவிட்டு, பக்கத்தில் எழுதினாள்: ‘நான்.’