நாற்பத்தோராவது குழாய்

அட்டைக் கடி தாங்காமல் சவப்பெட்டியை நடுவழியில் இறக்கிவிட்டு, ஆறு பேரும் ஒற்றைக்காலில் நின்று அட்டை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். அக்கரப்பத்தனைத் தேயிலை மலைப் பக்கம் மழை வருஷத்துக்கு இரண்டே முறைதான் பெய்யும். ஒவ்வொரு முறையும் ஆறு மாதம். அந்த ஈரத்தில் வளர்ந்த அட்டைகள் மனிதரை மட்டுமல்ல, தப்படிக்கிறவரின் தப்பைக்கூடத் தோல் என்று நம்பி ஒட்டிக்கொள்ளும்.

"செத்தவன் நிம்மதியா படுத்திருக்கான். உசுரோட இருக்கிறவன் ரத்தந்தான் போகுது" என்றார் மூக்கன். இறந்துபோன பத்திநாதனின் முப்பது வருஷக் கூட்டாளி. மழையும் கண்ணீரும் அவர் மூக்கு நுனியில் ஒன்றாகச் சொட்டின.

"பேசினது போதும், தூக்குங்க. இருட்டிறப் போகுது" என்று உபதேசியார் அந்தோனிமுத்து அதட்டினார்.

தூக்கினார்கள். எந்த முனை முன்னால் போகிறது என்று யாரும் பார்க்கவில்லை. தோட்டம் கொடுத்த பலகையில் அடித்த பெட்டி. இரண்டு முனையும் ஒரே அளவு. பின்னால் வந்த மகள் பவுலின் மட்டும் பார்த்தாள். தலைமாட்டுப் பலகையில் ஒரு கரிய முடிச்சு இருந்தது. வீட்டிலிருந்து புறப்பட்டபோது அது பின்னால் வந்தது. இப்போது முன்னால் போய்க்கொண்டிருந்தது. சொல்ல வாயெடுத்தாள், சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது அவளுக்குப் பழகிப்போயிருந்தது. இரண்டு மாதமாக ஒரு கடிதத்தை, தான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்து வரவு இடாப்புக்குள் ஒளித்து வைத்திருந்தாள்.

எழுபத்து நாலாம் வருஷப் பஞ்சத்தில், மாவுக்கு வரிசையில் நின்று வெறுத்துப்போய்க் கொழும்புக்கு இறங்கிய பத்திநாதனை ஓர் ஆராய்ச்சிக் கப்பல் கூலியாக ஏற்றிக்கொண்டது. இலங்கைக்காரனும் இல்லை, இந்தியாக்காரனும் இல்லை என்று இரண்டு அரசாங்கமும் கைகழுவிய ஆளுக்கு நடுக்கடலைவிடப் பொருத்தமான ஊர் உண்டா? மூன்று மைல் தண்ணீருக்கு அடியிலிருந்து குழாய் குழாயாகச் சேறு எடுப்பது கப்பலின் வேலை. அந்தக் குழாய்களுக்கு மேல் முனையில் நீல மூடியும் கீழ் முனையில் வெள்ளை மூடியும் போடுவது பத்திநாதனின் வேலை. மூன்று வருஷம் மூடினார்.

திரும்பி வந்து அவர் கதை சொன்னபோது பத்துக் காம்பரா வீட்டாரும் சிரித்ததில் லயத்துத் தகரக் கூரையே இரண்டு அங்குலம் எழும்பி உட்கார்ந்தது.

"கடலுக்கு அடியில ஆறு ஓடுதுடா. தென்துருவத்துலேருந்து வர்ற பச்சத்தண்ணி. லட்சக்கணக்கான வருசமா ஓடுது."

"நீ முங்கிப் பாத்தியாக்கும்?" என்பார் மூக்கன்.

"சேறு சொல்லும்டா. மழத்தண்ணி ஓடுற நம்ம கான்ல பாத்ததில்ல? தண்ணி வேகமா ஓடுன எடத்துல பருமணலு கெடக்கும், மெதுவா ஓடுன எடத்துல வண்டலு. அதேதான்."

"அட, கான் வெட்டவா அம்புட்டு தூரம் போன? இங்கயே வேல குடுக்கிற கண்டாக்கய்யாகிட்ட கேட்டிருந்தா தந்திருப்பாரே!"

அன்றிலிருந்து அவர் 'கடல்கான்' பத்திநாதன். எத்தனை கேலிக்கும் அவரிடம் ஒரே பதில்தான்: "ஆயிரத்து எரநூறு குழா. ஒண்ணகூட தலகீழா மூடுனதில்ல." கேலி செய்த மூக்கனே வெளித்தோட்டத்துக்குப் போனால் அதை ஐயாயிரமாக்கிப் பெருமையடிப்பார்.

பவுலின் ஒளித்து வைத்திருந்த கடிதம் அந்தக் கப்பலில் இருந்த விஞ்ஞானி எழுதியது. கடலடிக்கு வெடிச்சத்தம் அனுப்பி, எதிரொலியைக் கொண்டு வரைந்த அடுக்குப் படத்தில், அந்த ஆழ்நீரோட்டம் காலம் போகப்போகப் பலத்திருக்கிறது. நாற்பத்தோராவது குழாய்ச் சேற்றிலோ, போகப்போக நலிந்திருக்கிறது. இரண்டும் உண்மையாக இருக்க முடியாது. அந்தக் குழாய் தலைகீழாக மூடப்பட்டிருக்குமா? மூடியவர் நீங்கள். உங்கள் பதில் வரும்வரை நான் எதையும் அச்சுக்குக் கொடுக்கமாட்டேன்.

நெஞ்சில் சளி கட்டி, உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்த மனிதரிடம் இதை எப்படி வாசிப்பது? ஆனால் நேற்றுக் காலை அவராகவே கேட்டார். ஐந்து வருஷமாக மாதம் தவறாமல் கேட்பதுதான்.

"கப்பல்லேருந்து காயிதம் ஏதும் வரலியா புள்ள?"

பவுலின் எடுத்துவந்து தமிழில் சொன்னாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"எத்தனாவது குழா?"

"நாப்பத்தொண்ணுப்பா."

அடுப்படியில் ஊதுகுழல் சத்தம் நின்றது. அம்மா சிசிலியும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு கப்பலு ஆடுன ஆட்டத்துல கொடலே வாய்க்கு வந்துருச்சு. வாந்தி எடுத்துக்கிட்டே மூடுனேன். படுத்தப்பறந்தான் நெனப்பு வந்துச்சு, மூடி மாறிப்போச்சுன்னு." மூச்சு வாங்கியது. "காலைல சொல்லியிருக்கலாம். சொன்னா அடுத்த தொறைமுகத்துல எறக்கி விட்டுருவாங்க. எறங்குனா, எந்த நாட்டுல எறங்குறது?"

பவுலின் அவர் வாயோரத்தைத் துடைத்துவிட்டாள்.

"நீ என்னா எழுதப் போற?"

அவள் சுடுதண்ணீர் எடுக்க எழுந்து போனாள். திரும்பி வந்தபோது கேட்டவர் உயிரோடு இல்லை.

கல்லறைத் தோட்டத்தில் ஜெபம் முடிந்ததும், யாரும் கேட்காமலே மூக்கன் முன்னால் வந்தார். "பத்தாயிரம் குழா மூடுனவன் இவன்! தொரைமாருகூட தப்பு பண்ணுவாங்க. இவன் ஒண்ணு, ஒரே ஒண்ணு, தலகீழா வச்சிருப்பானா?"

அந்தப் பேச்சுக்குக் கூட்டம் சிரிக்காமல் இருந்தது அன்றுதான். யாரோ "இல்ல" என்றார்கள். பெண்கள் விசும்பினார்கள்.

பெட்டியைக் கயிற்றில் இறக்கினார்கள். உபதேசியார் சிலுவையைத் தலைமாட்டில் ஊன்றக் குனிந்தார்.

"அங்க இல்லங்க" என்றாள் பவுலின். "தலமாடு கால்மாடு மாறிப்போச்சு. அட்டை புடுங்குன எடத்துலயே மாறிருச்சு."

"என்னாம்மா சொல்ற?" மூக்கன் குழிக்குள் எட்டிப் பார்த்தார். அங்கே முழங்கால் அளவு தண்ணீர். பலகை முடிச்சு எங்கே தெரியும்? "அப்ப சிலுவைய இந்தப் பக்கம் நட்டுருவோம்."

"எல்லாச் சிலுவையும் ஒரே வரிசையில நிக்குதேப்பா" என்றார் உபதேசியார்.

"மண்ணப் போட்டா யாருக்குங்க தெரியப் போவுது?"

காலையிலிருந்து ஒரு வார்த்தையும் பேசாத சிசிலி முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"மேல எடுங்க."

எடுத்தார்கள். தண்ணீர் ஏறிய பெட்டி ஒரு மலை கனத்தது. மூக்கன் ஏழு பாஷையில் திட்டினார். அவருக்குத் தெரிந்தது இரண்டரை. சேற்றில் வழுக்கி, பெட்டியை ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிட்டு, மறுபடி அரைச் சுற்றுத் திருப்பி இறக்கினார்கள். தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் பவுலின் தபால் கந்தோருக்குப் போனாள். எழுதியிருந்தது இரண்டே வரி. நாற்பத்தோராவது குழாய் தலைகீழாக மூடப்பட்டது. மூடியவரே சொன்னார்.

தபால்காரர் முத்துலிங்கம் விலாசத்தைப் படித்துவிட்டு விமானத் தபால் ஒட்டியை நாக்கில் நனைத்தார். "அப்பாவுக்காக வருத்தப்படுறேன் டீச்சர். இது ஒரு கெழமைல, ஏழு நாள்ல போயிரும்."

"கப்பல்ல போனா?"

"கப்பல்லயா? மூணு மாசம் இழுக்குமே."

"கப்பல்லயே போகட்டும். அதுவரைக்கும் ஆயிரத்து எரநூறும் சரியாவே இருக்கட்டும்."

முத்துலிங்கம் அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். நனைத்த ஒட்டியை மேசை விளிம்பில் உலர வைத்துவிட்டு, கடிதத்தை மூலையில் கிடந்த கப்பல் தபால் சாக்குக்குள் போட்டார். சாக்கின் அடியில் நாலைந்து கடிதங்கள்தான் கிடந்தன. அது நிறைவதற்கு இன்னும் நாளாகும் போலிருந்தது.