திருப்புளியின் மறுமுனை

"கம்பெனியில உங்களுக்கு என்ன வேலைங்க?" என்று சகாயமேரி கேட்டதும், "சத்தம் கேக்குறது" என்று கிருபாகரன் சொன்னதும் பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய கதை. பெண் பார்க்க வந்த அன்றைக்கு, இரண்டு வீட்டுப் பெரியவர்களும் முன்னறையில் மிக்சரைக் கொறித்துக்கொண்டிருக்க, இவர்களை மட்டும் ஐந்து நிமிடம் பேசிக்கொள்ளச் சொல்லி மாடிக்கு அனுப்பியிருந்தார்கள்.

"அதுக்கெல்லாமா சம்பளம் குடுக்குறாங்க?"

"ஓடுற மோட்டார்ல காத வச்சா எங்க நோவுன்னு அதுவே சொல்லிரும். நான் கேட்டு எழுதிக் குடுப்பேன். அம்புட்டுதான்."

இரும்பு பேசுவதையே இவ்வளவு பொறுமையாகக் கேட்கிற மனுசன், கட்டிக்கொண்டவள் பேசுவதையும் கேட்பார் என்று அன்றே அவள் மனசுக்குள் சம்மதம் சொல்லிவிட்டாள்.

முதல் பத்து வருடம் கேட்கத்தான் செய்தார். ரெண்டு வருடமாகத்தான் இப்படி. அடுப்படியிலிருந்து ஒன்று கேட்டால் பதில் வராது. வந்தாலும் "உம்" என்று வரும். கேஸ் தீர்ந்துபோச்சு என்றாலும் உம், எனக்குக் காய்ச்சல் என்றாலும் உம். கத்திப் பார்த்தாள், அழுதும் பார்த்தாள். கப்பலூர் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குவார், குளிப்பார், பேப்பரை விரித்துவிடுவார். தன் குரல் அவருக்குப் புளித்துப்போய்விட்டது என்றுதான் அவள் எடுத்துக்கொண்டாள். மிஷன் பள்ளியில் அவள் கிளார்க். அதே நிர்வாகத்தின் திண்டுக்கல் பள்ளியில் ஓர் இடம் காலியாகி, தங்குவதற்கு வீடும் உண்டு என்று தெரிந்ததும், தலைமையாசிரியையிடம் வாய்விட்டுக் கேட்டுவிட்டாள். திங்கட்கிழமை காலை கடிதம் கொடுத்தால் மாறுதல் நிச்சயம் என்று சொல்லிவிட்டார்கள். மகள் ஆன்சியையும் கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. வீட்டுக்காரரிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. சொன்னாலும் உம் தானே.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். கையால் எழுதினால் எழுத்து நடுங்கும் என்று பயம். ஆனால் 'குடும்பச் சூழ்நிலை காரணமாக' என்று அடிக்கும்போதெல்லாம் திரை பட்டென்று இருண்டது. மூன்று தடவை. மூன்று தடவையும் அதே வரி.

அந்தப் பெட்டி ஆறு மாதமாகவே அலறிக்கொண்டுதான் இருந்தது. பட்டனை அமுக்கியதும் கடகடவென்று ஆரம்பிக்கும். கொஞ்ச நேரத்தில் ஊளையாக மாறும். நடுவில் மூச்சு நின்றது போல நின்று மறுபடி பிடிக்கும். ஆன்சி அதற்கு ரைஸ்மில் என்று பெயர் வைத்திருந்தாள். மாடி வீட்டு அன்னக்கொடி ஒருநாள் இறங்கி வந்து, "அரவை மிஷின் எதுவும் வாங்கிருக்கீகளாக்கா? எனக்கும் ரெண்டு கிலோ மல்லி அரைக்கணும்" என்று கேட்டுவிட்டுப் போனாள். கம்ப்யூட்டர் கடை முத்திருளன் சனிக்கிழமை வந்து அரை நிமிடம் கேட்டுவிட்டு, "மேல இருக்குற கரண்ட் பெட்டிதான்க்கா போச்சு, மாத்திருவோம், செவ்வாக்கெழம வாரேன்" என்று கிளம்பிவிட்டான். முகம் சுளிக்காத ஒரே ஆள் கிருபாகரன்தான். அந்த அலறலுக்குப் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டுப் பேப்பர் படிப்பார். அந்தச் சத்தமே உறைக்காதவருக்குத் தன் பேச்சா உறைக்கப்போகிறது என்று மேரி நினைத்துக்கொள்வாள்.

நாலாவது தடவை இருண்டதும் ஆன்சி ஓடிப்போய் அப்பா கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

"இது ஒங்கம்மா சாமான் தாயி, நான் தொட்டதே இல்ல" என்று தயங்கியவர், பெட்டியின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். மேலே கரண்ட் பெட்டி, அதற்குக் கீழே உள்ளங்கை அகல விசிறி. பையிலிருந்து நீளத் திருப்புளி ஒன்றை எடுத்துவந்து கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "போடு" என்று கையைக் காட்டினார். ஆன்சி பட்டனை அமுக்கினாள். ரைஸ்மில் கிளம்பியது.

திருப்புளியின் இரும்பு முனையை மேல்பெட்டியின் திருகில் ஊன்றி, மரக் கைப்பிடியை அவர் பல்லால் கடித்துக்கொண்டதைப் பார்த்து ஆன்சி களுக்கென்று சிரித்தாள். மேரிக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணை மூடி, தலையை லேசாகச் சாய்த்து, நற்கருணை வாங்கிவிட்டு வந்து முழங்காலிடுகிறவர் மாதிரி இருந்தார் அவர். இத்தனை வருடத்தில் அவர் வேலை செய்து அவள் பார்த்ததே இல்லை. முனையை மெல்லக் கீழே இறக்கி விசிறித் திருகில் வைத்தார். புருவம் சுருங்கியது. ரொம்ப நேரம் அப்படியே இருந்தார். கடைசியில் திருப்புளியை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னார்.

"மேல உள்ளது நல்லாருக்கு. கீழ விசிறிதான். உள்ள அச்சு சுத்துற புஷ்ஷு எண்ணெயில்லாம வறண்டு கெடக்கு, அதான் நின்னு நின்னு சுத்துது. காத்து வெளிய போகாம சூடேறி, மிஷினு தானா அமந்துக்கிருது. இன்னொண்ணு, மெல்லிசா ஏதோ எறகுல தட்டுது. இரும்பு இல்ல. பிளாஸ்டிக்கா இருக்கும்."

பிறகு நிமிர்ந்து, "ஏன் தாயி, அதுக்குள்ள அமத்திட்ட?" என்றார்.

விசிறி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"அப்பா ஜோக்கடிக்குறாரும்மா!" என்று ஆன்சி கைகொட்டினாள். மேரி மெதுவாக நகர்ந்து அவர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று, "ஏங்க" என்றாள். அப்புறம் இன்னும் உரக்க, "ஏங்க!" அவர் திருகுகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

அவளே போய் ஸ்விட்சை அணைத்தாள். அவர் மூடியைக் கழற்றினார். வயர்களைச் சேர்த்துக் கட்டியிருந்த பிளாஸ்டிக் பட்டையின் வால் ஒன்று, நகக்கண் அளவு, விசிறி இறகுவரை நீட்டிக்கொண்டிருந்தது. மூடிய பெட்டிக்குள் இருந்த அந்த நகக்கண்ணை, திருப்புளி வழியே ஏறிவந்த அதிர்வில், அவர் பல்லால் பார்த்திருக்கிறார். ஆன்சி வாயைப் பிளந்தாள். "எப்பிடிப்பா? எப்பிடி?" பட்டையை நறுக்கினார். விசிறியைக் கழற்றிப் பெயிண்ட் பிரஷ்ஷால் பஞ்சுத் தூசியை வழித்தார். நடுவில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை நகத்தால் நெம்பி, தையல் மிஷின் எண்ணெயில் ஒரே ஒரு சொட்டு விட்டு, விரலால் சுண்டினார். அது நிற்காமல் சுற்றியது. மறுபடி பூட்டி, "இப்பப் போடு" என்றார்.

ஒன்றும் நடக்காதது போலிருந்தது. திரை வெளிச்சமாகியது. விசிறி, காற்றில் ஆடும் துணி மாதிரி, இருக்கிறதா இல்லையா என்று சுற்றியது. வீட்டில் இவ்வளவு அமைதி உண்டென்று மேரிக்கு மறந்தே போயிருந்தது. சுவர்க் கடிகாரம் நடந்தது. தெருவில் யாரோ சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டினார்கள். கிருபாகரன் விசிறியைப் பார்க்கவில்லை. ஆன்சியின் முகத்தைப் பார்த்தார், பிறகு இவள் முகத்தைப் பார்த்தார். சத்தம் போய்விட்டதா என்று அவர்கள் முகத்தில் தேடிக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையை இத்தனை நாளும் அவள் வெறித்த பார்வை என்று நினைத்திருந்தாள்.

"அன்னக்கொடி அத்தைட்ட சொல்லிட்டு வாரேன்!" என்று ஆன்சி மாடிக்கு ஓடினாள்.

மேரி அவர் எதிரே தரையில் உட்கார்ந்தாள். குரல் எழுப்பாமல், வாயை மட்டும் அசைத்துக் கேட்டாள்: எம்புட்டு நாளா?

"ரெண்டு வருசம் இருக்கும்" என்றார் அவர். சொன்ன பிறகுதான் என்ன கேள்விக்குப் பதில் சொன்னோம் என்பது அவருக்குப் புரிந்தது. எண்ணெய்க் கையை வேட்டியில் துடைத்தார். "எடது சுத்தமா இல்ல. வலதுல தண்ணிக்குள்ள இருந்து கேக்குற மாதிரி."

"கம்பெனில தெரியுமா?"

"பல்லு விழாத வரைக்கும் தெரியாது" என்று சிரிக்கப் பார்த்தார். அவளால் முடியவில்லை. கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அதைத் துடைக்கக் கையை முகத்துக்குக் கொண்டுபோனவள், கை உதட்டை மறைக்கும் என்று பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"எங்கிட்டயுமா சொல்லக்கூடாது?"

"செவிடனக் கட்டிக்கிட்டோம்னு ஆயிரக்கூடாதுன்னு பாத்தேன்." திருப்புளியை எடுத்துப் பைக்குள் வைத்தார். "திண்டுக்கல்லுக்குப் போறீங்கன்னு ஆன்சி சொன்னா. போறதும் இருக்கறதும் ஒன் இஷ்டம். நான் மறிக்கல. ஆனா ஒன்னயக் கேக்கணும்னு ரெம்ப நாளா மனசுல ஒண்ணு கெடக்கு. ஒவ்வொரு நாளும் கேக்கலாம்னு வருவேன், கேக்காமப் படுத்துருவேன்."

கேளுங்க என்று அவள் உதடு சொன்னது.

"அடுப்படில நின்னு பேசாத மேரி. எனக்கு முன்னால வந்து, என் முகத்தப் பாத்துப் பேசு."